காங்கோ வாள் சேகரிக்கணுமா? புளியைத் தொடாம ஆரம்பிங்க

வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் ஹால்ல மாட்டியிருக்குற வளைஞ்ச வாளைப் பாத்துட்டு மொதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "இதுல எத்தனை தலை போச்சு?" எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் போகல. ஆனா அந்தக் கேள்வியை வெச்சுத்தான் விக்கிறவன் விலையை ஏத்துறான், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: பேரைக் கத்துக்கோங்க, லேபிளை நம்பாதீங்க

ஐரோப்பாவுல "எக்ஸிக்யூஷன் சோர்டு", அதாவது தலை வெட்டுற வாள்னு விக்கிறது பெரும்பாலும் ங்குலு. காங்கோ ஆறு வடக்கால வில்லு மாதிரி வளையுது இல்ல, அந்தப் பக்கத்து ங்கோம்பே, டோகோங்கிற இனத்து ஜனங்களோடது. நீளம் சுமாரா 60–70 செ.மீ., பாதி வரைக்கும் நேரா வந்து அப்புறம் அரிவாள் மாதிரி வளையும், சிலதுல ரெண்டு அரிவாள் முகத்துக்கு முகம் பாத்த மாதிரி இருக்கும்.

தலை வெட்டின கதை முழுப்பொய் இல்ல. 1880கள்ல லுகொலேலாங்கிற காங்கோ ஆத்தங்கரை முகாம்ல இருந்த கிளேவ்னு ஒரு ஆங்கிலேயர் இதை எழுதியிருக்கார், அடிமையை உக்கார வெச்சுக் கட்டி, அவன் தலையை வளைச்சுப் பிடிச்ச ஒரு மரத்தோட கயித்தால கட்டி வெட்டுவாங்கன்னு. 1890ல அமெரிக்கப் பத்திரிகையில படத்தோட வந்ததும் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஆனா இன்னைக்குச் சந்தைக்கு வர்றதுல நிறைய ஆட்டத்துக்கும் அந்தஸ்துக்கும் கையில வெச்சிருந்தது. நம்மூர் கருப்பசாமி கோயில்ல ஆளுயர அருவா நட்டு வெச்சிருக்காங்களே, அதால எவன் கதிர் அறுத்தான்? அந்த மாதிரிதான். "இது நிஜமா தலை வெட்டினது சார்"னு யாராச்சும் அடிச்சுச் சொன்னா அதுக்காக ஒரு யூரோ கூட ஜாஸ்தி குடுக்காதீங்க.

ஸ்டெப் 2: எங்க தேடுறது

நான் பிரஸ்ஸல்ஸ்ல இருக்கேன், இங்க ஜூ த பால்ங்கிற பழைய சாமான் சந்தை தினமும் காலையில நடக்கும். காங்கோ 1885லேருந்து 1908 வரைக்கும் பெல்ஜியம் ராஜா லியோபோல்டோட சொந்தச் சொத்து மாதிரி இருந்துச்சு, அப்புறம் 1960 வரைக்கும் பெல்ஜியம் காலனி. அங்க வேலைக்குப் போன ஆபீஸர், பாதிரியார் எல்லாம் கொண்டு வந்து பரண்ல போட்டதைப் பேரப்பிள்ளைங்க இப்போ காலி பண்றாங்க. அது எப்படி அவங்க கைக்கு வந்துச்சுன்னும் கேளுங்க, வாங்கினதும் உண்டு, பிடுங்கினதும் உண்டு. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் பக்கத்துல டெர்வூரன்ல இருக்குற ஆப்பிரிக்கா மியூசியத்துல செலவு பண்ணுங்க, கண்ணு பழகாம காசை எடுக்காதீங்க.

ஸ்டெப் 3: பக்கவாட்டுல ஒரு போட்டோ கேளுங்க

இதை நான் 140 யூரோ குடுத்துக் கத்துக்கிட்டேன். போட்டோவுல ஷேப் அச்சு அசல் ங்குலு, துரு, அழுக்கு எல்லாம் பக்கா, பார்சல் பிரிச்சுப் பக்கவாட்டுல தூக்கிப் பாத்தா ஸ்கேல் மாதிரி ஒரே தடிமன்! தகடை வெட்டி ஆசிட் ஊத்தித் துரு ஏத்தியிருக்கான் புண்ணியவான். நிஜமா உலையில அடிச்ச வாள் நடுவுல தடியாவும் ஓரத்துல மெல்லிசாவும் இருக்கும், இலையில நடுநரம்பு ஓடுற மாதிரி ஒரு மேடு ஓடும். டார்ச்சைப் படுக்க வெச்சு அடிச்சுப் பாருங்க, சுத்தியல் பட்ட தடம் சின்னச் சின்னக் குழியா, ஒண்ணுக்கொண்ணு சேராம தெரியும். கிரைண்டர் கோடு நேர் நேரா தெரிஞ்சா வெச்சுட்டு வந்துருங்க.

கைப்பிடியையும் விடாதீங்க. மரம், மேல பித்தளை இல்ல செம்புக் கம்பி சுத்து, சிலதுல பித்தளை ஆணி. விரல் படுற எடத்துல மட்டும் வழவழன்னு தேஞ்சு, கம்பி இடுக்குல அழுக்கு கல்லு மாதிரி இறுகியிருந்தா நல்ல அறிகுறி. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பழசா இருந்தா சந்தேகப்படுங்க, கை எப்பவும் ஒரே எடத்துலதான பிடிக்கும்.

ஸ்டெப் 4: மொத வாள் ங்குலுவா இருக்க வேணாம்

என்னைக் கேட்டா இகுல்ங்கிற கத்தியில ஆரம்பிங்க. காங்கோவுல இருந்த குபா ராஜ்யத்தோடது, அகல இலை மாதிரி பிளேடு, கைப்பிடி முனையில உருண்டையா ஒரு குமிழ். 17ம் நூற்றாண்டுல ஷியாம்னு ஒரு ராஜா, எறிகத்தியைத் தடை பண்ணிட்டு அதுக்குப் பதிலா இதைத்தான் இடுப்புல செருகணும்னு சொன்னதா குபா ஜனங்க சொல்ற கதை. முழுக்க மரத்துலயே செஞ்சதும் உண்டு. நிறைய கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது.

தந்தக் கைப்பிடி போட்ட, மங்பெத்துங்கிற காங்கோ ஜனங்களோட கத்தி கண்ணைப் பறிக்கும், ஆனா 1990லேருந்து யானைத் தந்த வியாபாரத்துக்கு உலக அளவுல தடை, பேப்பர் இல்லாம பார்டர் தாண்டினா மாட்டுவீங்க. இங்கிலாந்துல பிளேடு 50 செ.மீ.யோ அதுக்கு மேலயோ இருக்குற வளைஞ்ச வாளுக்கு 2008லேருந்து தடை, 1954க்கு முன்னாடி செஞ்சதுக்கும் பழைய முறையில கையால செஞ்சதுக்கும் விலக்கு. இந்தியாவுக்கு அனுப்புறதா இருந்தா வாள் ஆயுதச் சட்டத்துல வருது, கஸ்டம்ஸ்ல கேக்காம பார்சல் போடாதீங்க.

ஸ்டெப் 5: தேய்க்காதீங்க

என் ரெண்டாவது ங்குலுல செம்புக் கம்பி கன்னங்கரேல்னு இருந்துச்சா, அம்மா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கிற ஞாபகத்துல புளியை ஊற வெச்சுத் தேய்ச்சுட்டேன். பளபளன்னு ஆச்சு, பாட்டினா, அதாவது நூறு வருஷமா மேல படிஞ்ச அந்தப் பழமை நிறம், அஞ்சு நிமிஷத்துல போச்சு. சந்தையில தெரிஞ்ச பெரியவர்கிட்ட காட்டினேன், அவர் வாயே தொறக்கல, திருப்பிக் கையில குடுத்துட்டார். இப்போ நான் பண்றது காஞ்ச பிரஷ்ல தூசி தட்டுறது, இரும்புல லேசா மைக்ரோ கிரிஸ்டலைன் வேக்ஸ்ங்கிற மெழுகு, அவ்ளோதான். வெறுங்கையால பிடிக்கிறதில்ல, வேர்வை உப்பு ரெண்டே நாள்ல விரல் ரேகையைத் துருவா காட்டிக் குடுத்துரும்.

கைப்பிடியில வெள்ளை பெயின்ட்டுல நம்பர் ஏதாச்சும் எழுதியிருந்தா அதை அழுக்குன்னு நினைச்சுத் தொடச்சுராதீங்க, பழைய கலெக்‌ஷன் நம்பரா இருக்கும். என் இகுல்ல ஒரு 7 பாதி அழிஞ்சு இருக்கு, யார் எழுதினதுன்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.