டிஸ்க்கை மட்டும் பொதுவாக்குங்கள்: சின்ன சர்வர் அறைக்கு ஒரு செய்முறை

செட்டிநாட்டு வளவில் கல்யாணமான பிள்ளையை வேறு வைத்துவிட்டால் தனி அடுப்பு, தனி அறை, தனிப் பூட்டு. காரைக்குடியில் நாலைந்து சர்வர் ஓடும் அலுவலகத்திலும் அதே கதைதான். ஒன்றில் டிஸ்க் நிரம்பி வழியும். பக்கத்துச் சர்வரில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும், எடுத்துக்கொடுக்க வழியிருக்காது.

சிபியு, ராம், டிஸ்க் மூன்றையும் தனித்தனியாகத் திரட்டி வேண்டியவருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் இப்போதைய டேட்டாசென்டர் போக்கு. ராமை இப்போதைக்குத் தொடாதீர்கள். மதர்போர்டில் உள்ள ராம் சுமார் 100 நானோவினாடியில் பதில் தரும். ஈதர்நெட் வழியே போனால் மைக்ரோவினாடிக் கணக்காகிவிடும். 2020-இல் வந்த சிஎக்ஸ்எல் 2.0 என்ற இணைப்புத் தரம் ராமைப் பொதுவாக்க வழி செய்கிறது. அதற்கான சிபியுவும் சுவிட்சும் நமக்குக் கட்டுப்படியாகாது.

டிஸ்க்குக்கு என்விஎம்இ டிசிபி போதும்; ஒரு சர்வரின் டிஸ்க்கைச் சாதாரண நெட்வொர்க் வழியே இன்னொரு சர்வருக்குச் சொந்த டிஸ்க் போலக் காட்டும் முறை இது. லினக்ஸ் கெர்னல் 5.0 முதலே உள்ளது. ஒரு சர்வரில் 3.84 டிபி எஸ்எஸ்டி நான்கைப் போட்டு ரெய்டு 10 (ஒவ்வொரு தகவலும் இரண்டு டிஸ்க்கில் இருக்கும் அமைப்பு) அமையுங்கள், 7.68 டிபி கையில் நிற்கும். எல்லாச் சர்வருக்கும் 25ஜி (வினாடிக்கு 25 ஜிகாபிட்) நெட்வொர்க் கார்டு வாங்குங்கள். 10ஜி வினாடிக்கு 1.25 ஜிபிதான் கடத்தும். நல்ல எஸ்எஸ்டி ஒன்றே 3 ஜிபி படிக்கும்.

ரெய்டின் மேல் எல்விஎம் (டிஸ்க்கைப் பங்கு போடும் லினக்ஸ் வசதி) வைத்து, சர்வருக்கு ஒரு வால்யூம், அதாவது ஒரு பங்கு, வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் என்விஎம்இ-யில் தனி சப்சிஸ்டமாக்கி (தனியாக இணைக்கக்கூடிய அலகு) 4420 போர்ட்டில் திறந்து, உரிய சர்வரின் என்க்யூஎன் (என்விஎம்இ-யில் அதன் அடையாளப் பெயர்) பெயருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'யார் வேண்டுமானாலும்' என்று விட்டால், ஒரே வால்யூமை இரண்டு சர்வர் எக்ஸ்ட்4 (ஒரு நேரத்தில் ஒரே சர்வருக்கான ஃபைல் சிஸ்டம்) ஆக மவுண்ட் செய்யும் நாள் வரும். அன்றைக்கு ஃபைல் சிஸ்டம் சிதைந்துபோகும். அமைத்ததை என்விஎம்இடி-சிஎல்ஐ என்ற கருவி கொண்டு சேமியுங்கள், இல்லாவிட்டால் ரீபூட் ஆனதும் இந்த அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். ஓஎஸ் அந்தந்தச் சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

இணைப்பு கிடைத்தும் பெரிய ஃபைல் படிக்கையில் தொங்கினால், முதலில் எம்டியுவை (ஒரு பாக்கெட்டில் போகும் அதிகபட்ச பைட்) பாருங்கள். ஓரிடத்தில் 9000, சுவிட்சில் 1500 என்றிருக்கும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் அனுப்பினால் தெரிந்துவிடும்.

கரண்ட் போய் வரும் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. டிஸ்க் பெட்டி (எஸ்எஸ்டி போட்ட சர்வர்) 600 வினாடிக்குள் திரும்பாவிட்டால் மற்ற சர்வர்கள் இணைப்பையே கைவிட்டுவிடும். மவுண்ட் செய்தது பிழையாகும். கனெக்ட் செய்யும்போதே அந்தக் கெடுவை -1 ஆக்கிவிட்டால் காத்திருக்கும். யுபிஎஸ்ஸில் டிஸ்க் பெட்டியும் சுவிட்சும் கடைசியில் அணைந்து, முதலில் எழ வேண்டும்.