பேக்கப் முடிந்தது என்கிறது, லாக் டிஸ்க் ஏன் நிரம்புகிறது?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் லாக் டிஸ்க், அதாவது டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு (லாக்) சேரும் டிஸ்க், நிரம்பிக்கொண்டே வந்தது. டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி மாடலில் (மீட்புக்காக லாகை அழிக்காமல் வைத்திருக்கும் அமைப்பில்) இருந்தால், லாக் பேக்கப் நடந்தால்தான் லாகுக்குள் இடம் காலியாகும். அந்த வேலை எங்கள் பேக்கப் மென்பொருளுடையது. டாஷ்போர்டிலோ ஜாப் தினமும் முடிந்ததாகவே காட்டியது.

ஜாபைத் திறந்து மெஷின் மெஷினாகப் பார்த்தேன். இதற்கு மட்டும் 'வார்னிங்'. டிஸ்க் முழுதும் நகலாகியிருந்தது, ஆனால் விஎஸ்எஸ் (நகலெடுக்கும்போது டேட்டாவைச் சீரான நிலையில் வைத்துத் தரும் விண்டோஸ் சேவை) தோல்வி; அதனால் லாக் பேக்கப்பும் நடக்கவில்லை. அதாவது கிடைத்தது கிராஷ் கன்சிஸ்டன்ட் நகல். கரன்ட் திடீரென்று போன சர்வரின் டிஸ்க் மாதிரி. டேட்டாபேஸுக்கு இதை நம்பி இருக்கவே கூடாது.

மெஷினுக்குள் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கொடுத்தேன். விஎஸ்எஸ்ஸுக்காக டேட்டாபேஸைத் தயார்செய்யும் எஸ்கியூஎல் ரைட்டர் 'ஃபெயில்டு'. சர்வீசஸில் எஸ்கியூஎல் சர்வர் விஎஸ்எஸ் ரைட்டரை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன். டேட்டாபேஸை நிறுத்தத் தேவையில்லை. நிலை 'ஸ்டேபிள்' ஆனதும் ஜாபை மறுபடி ஓட்டினேன். வார்னிங் இல்லை, லாக் வளர்வதும் நின்றது. ஏற்கெனவே வீங்கிய லாக் கோப்பு தானாகச் சிறியதாகாது, அதைத் தனியாகச் சுருக்கினேன்.

அப்புறம் மின்னஞ்சல் அறிவிப்பை வார்னிங்குக்கும் வரும்படி மாற்றிவிட்டேன்.