மழைக்கு முன்னே கட்டி வைக்க வேண்டிய அவசரப் பை

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் அக்டோபருக்குள் பையைக் கட்டிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் மாத்திரைதான் முதலில். பிபி, சுகர் மாத்திரைகள் 7 நாளுக்கு, அட்டையிலிருந்து உதிர்க்காமல், மருந்துச் சீட்டு நகலோடு. மாதாமாதம் புது அட்டையைப் பையில் போட்டுப் பழையதைச் சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் காலாவதியாகியிருக்கும். கரண்ட் போனால் இன்சுலினை ஐஸ்கட்டி மேல் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். டப்பாவில் மூடி, ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வையுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் கட்டாயம்: காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கண்ணாடி கிழித்தாலும் தெரியாது, வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும்.

குடிநீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், 3 நாளுக்கு. நாலு பேருக்கு 48 லிட்டர். அதைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கேனை இப்போதே மாடியில் ஏற்றுங்கள், பையில் 2 லிட்டர் போதும். 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூரில் எண்ணெய் கலந்ததே, அந்த மாதிரித் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்கக் கூடாது.

ஓஆர்எஸ், பொட்டுக்கடலை, டார்ச், பவர் பேங்க், மாற்று மூக்குக்கண்ணாடி, சில்லறை நோட்டு, ஜிப் கவரில் ஆதார், ரேஷன் கார்டு. தொழிற்சாலையில் வாயுக் கசிவென்றால் பையைத் தேட நிற்காதீர்கள்; ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகி 112-ஐ அழையுங்கள்.