1,400 பாடல்களுடன் டீசருக்கு மாறிய கதை

பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த இசைச் செயலியை விட்டு, 2007இல் பாரிஸில் தொடங்கப்பட்ட டீசர் (Deezer) என்ற இசைச் சேவைக்கு மாறியபோது, கணக்குத் தொடங்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சேர்த்துவைத்திருந்த 1,400 பாடல்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஒரு வாரம் பிடித்தது.

பட்டியல்களை மாற்றித்தரும் இணையக் கருவி ஒன்று, அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததாக அறிவித்தது. கேட்டுப் பார்த்தால், ஸ்டூடியோ பதிவு இருக்கவேண்டிய இடத்தில் கைத்தட்டலோடு தொடங்கும் மேடைப் பதிவு இருந்தது. சில இடங்களில் பாடகரின் குரலே இல்லாத கரோக்கி. கருவி பெயர்களை மட்டுமே ஒப்பிட்டிருக்கிறது என்று புரிந்தது.

ஒலிப்பதிவுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு. ஒரே பாட்டின் ஸ்டூடியோ பதிவுக்கும் மேடைப் பதிவுக்கும் அது வேறுபடும். எனவே பழைய பட்டியலை அந்தக் குறியீட்டோடு சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கி, குறியீட்டை முதலில் பார்த்துப் பொருத்தும் வேறொரு கருவியில் ஏற்றினேன். எஞ்சிய 63 பாடல்களை, 4:12 நிமிடப் பாட்டு 6:40 ஆக வந்துவிடாதபடி கால அளவை ஒப்பிட்டு, நானே தேடிச் சேர்த்தேன். அதுவரை பழைய சந்தாவை ரத்துசெய்யாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

செயலியின் ஒலி அமைப்புகளில், ஒலி விவரம் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தை (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சி.டி. தரம்) தேர்ந்தெடுத்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் இயர்போனுக்குப் புளூடூத் வழியாக அது மறுபடி, விவரங்களை இழந்து, சுருக்கப்பட்டே போகிறது என்பது பிறகுதான் உறைத்தது. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய வயர் ஹெட்போனை எடுத்துச் செருகிவிட்டேன்.