முதல் பியானோ வகுப்பு: கறுப்புக் கட்டையில் தொடங்குங்கள்

பியானோ சொல்லிக்கொடுக்க இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்களா? முதல் நாளே நோட்டேஷன் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். வந்திருப்பவருக்குக் கண் தெரியாமல் இருக்கலாம், பேச்சு வராத குழந்தையாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அன்றைக்கே அவர் கையால் இசை வந்துவிட வேண்டும். நான் செய்வது இப்படி.

1. முதலில் இருக்கை. கட்டைமேல் கை வைத்தால் முழங்கை அதே மட்டத்தில் இருக்கட்டும். கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டில் வைத்த கீபோர்டு வசதி. சத்தம் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அவரிடமே விட்டுவிடுங்கள்.

2. அப்புறம் ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள். இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். என்னிடம் வந்த ஒரு சிறுமி இடது கோடிக் கட்டையை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் பியானோவின் மரத்தில் கன்னத்தை வைத்து, அதிர்வு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொள்வாள். நான் அவசரப்பட்டு அவள் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தேன். உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து கேட்காமல் யார் கையையும் தொடுவதில்லை.

3. இனி வாசிப்பு. 88 கட்டைகளில் 36 கறுப்பு. இடது கோடியில் தனியாக நிற்கும் ஒன்றைத் தவிர, மற்றவை இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருக்கும், தடவினாலே தெரியும். மூன்று சேர்ந்த கூட்டத்தில் இடப்பக்கம் இருக்கும் முதல் கட்டையை ச என்று வைத்துக் கறுப்பிலேயே மேலே, அதாவது வலப்பக்கமாகப் போனால் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் வரும். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் உரசும் இடம் இதில் கிடையாது. அதனால் எதை எந்த வரிசையில் தொட்டாலும் காதுக்கு இதமாகவே இருக்கும்.

நீங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து, அந்த ச-வையும், அதற்கு வலப்பக்கம் வரும் இரண்டில் முதல் கட்டையான ப-வையும் மாறி மாறி மெதுவாக வாசியுங்கள். மேலே அவர் இஷ்டம்போல் வாசிக்கட்டும். அவர் வேகமெடுத்தால் நீங்களும் கூடவே போங்கள், நின்றால் நில்லுங்கள். தாளம் அவருடையது. எண்ணிச் சொல்லித் திருத்தவே கூடாது.

4. அடுத்து என்ன என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். “என்ன வாசிக்கலாம்?” என்றால் பலரும் திகைத்துப்போவார்கள். “வேகமாகவா, மெதுவாகவா?” என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பேசாதவருக்கு இரண்டு பட அட்டைகள் போதும். எதைப் பார்க்கிறாரோ அதுவே பதில்.

5. வாசித்ததைப் பதிவு செய்யுங்கள். போனில் எடுக்கலாம், அவரே வண்ணப் புள்ளிகளாக வரையலாம். ஐந்து கோட்டு நோட்டேஷன் பிறகு வரட்டும். பிரெயிலிலும் இசை எழுதும் முறை உண்டு.

“ஒரு கைதானே இருக்கிறது” என்று தயங்கும் பெற்றோரிடம் பால் விட்கென்ஸ்டைனைப் பற்றிச் சொல்வேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் அவர். இடது கைக்கென்றே பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் அவருக்கு ஒரு கான்செர்ட்டோ, அதாவது இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் ஒரு படைப்பு, எழுதிக்கொடுத்தார்.

6. வகுப்பை எந்தச் சுரத்தில் முடிப்பது என்பதும் மாணவர் கையில். அந்தச் சிறுமி இப்போது இரண்டு கையாலும் வாசிக்கிறாள். ஆனால் முடிக்கும்போது இடது கோடிக்குப் போய் அந்தக் கட்டையைத்தான் அழுத்துவாள். ஒலி அடங்கும்வரை நானும் மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டிருப்பேன்.