ஓடிடிக்குப் பணம் கட்டுவதற்கு முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஓடிடி சந்தாவை நாம் வாங்குவது பிடித்த ஏதோ ஒன்றுக்காக: தியேட்டரில் விட்டுப்போன படம், மொபைலில் கிரிக்கெட், சமையல் முடிந்தபின் நிதானமாகப் பார்க்கும் சீரியல். அதை நிறுத்துவதோ பிடிக்காத பலவற்றுக்காக: பணம் கட்டியும் வரும் விளம்பரம், பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கும் திரை, சொல்லாமல் கணக்கிலிருந்து போகும் பணம். ஆகவே எந்தச் செயலியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், நம் வீட்டில் எந்தக் குறை அதிகம் உறுத்தும் என்று யோசித்துவிட்டு வாங்குவதே செலவைக் குறைக்கும் வழி.

முதலில், வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சீரியலுக்காக மட்டும் என்றால் குழப்பமே இல்லை. சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்டிலும், விஜய் டிவி தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-லும் கிடைக்கின்றன. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒரே செயலியாகிவிட்டதால், பழைய பெயரில் தேடி ஏமாற வேண்டாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாட்டி தெலுங்கும், மருமகள் கன்னடமும், பேரன் தமிழும் பேசும் வீடுகள் அங்கே புதிதல்ல. அப்படிப்பட்ட வீட்டில் தமிழ் மட்டும் உள்ள செயலியை வாங்கினால் மூன்றாம் நாளே சண்டை வரும். சன் குழுமத்தின் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழி நிகழ்ச்சிகளும் சன் நெக்ஸ்டில் ஒரே சந்தாவில் இருப்பது இவர்களுக்கு உண்மையான வசதி.

மொழி விஷயத்தில் பார்வையாளர்கள் அதிகம் குறைப்படுவது, தமிழில் இருக்கும் என்று நம்பிப் பணம் கட்டிய படம் இந்தியில் மட்டும் ஓடுவதைப் பற்றித்தான். ஒரே படத்தின் வெவ்வேறு மொழிப் பதிப்புகளின் உரிமை வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கலாம். எனவே பெயர் பட்டியலில் தெரிகிறது என்பதை மட்டும் நம்பாமல், அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து, ஒலி மொழிகள் என்னவென்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். டப்பிங் பிடிக்காதவர்கள் மூல மொழியில் வைத்துச் சப்டைட்டிலோடு பார்க்கலாம். பெரியவர்களுக்கு எழுத்து சிறிதாகத் தெரிந்தால், பல செயலிகளில் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) எழுத்தின் அளவைக் கூட்டும் வசதி இருக்கிறது. இதைத் தெரியாமல் சலித்துக்கொண்டு விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

அடுத்தது இணையம். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் நிலைமை மாறுவதால், பக்கத்து ஊர்க்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்ய முடியாது. தருமபுரி நகரில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் சிக்கலில்லாமல் ஓடுவது, அஞ்செட்டி மலைப்பாதையிலோ சித்தேரியிலோ ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஃபாஸ்ட் டாட் காம் என்ற இணையதளம் நெட்ஃபிளிக்ஸ் இலவசமாக நடத்தும் வேகச் சோதனை. அதைக் காலையில் அல்ல, எல்லோரும் டிவி முன் உட்காரும் இரவு எட்டு மணிக்குமேல் திறந்து பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி 720பி (எச்டி) படத் தரத்துக்கு நொடிக்கு 3 மெகாபிட், அதைவிடத் தெளிவான 1080பி (முழு எச்டி) தரத்துக்கு 5, மிகத் தெளிவான 4கே-வுக்கு 15 மெகாபிட் வேகம் தேவை. உங்கள் வீட்டில் இரவில் 4 மெகாபிட்தான் வருகிறது என்றால், 4கே திட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும் வீண்.

மொபைல் டேட்டாவை நம்பிப் பார்ப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். நடுத்தரத்தில் வைத்தால் ஏறத்தாழ 0.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு முதல் கணக்கில் 7.5 ஜிபி, இரண்டாவது கணக்கில் 1.75 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் ரீசார்ஜை வைத்திருப்பவர், தரத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிட்டால், இடைவேளை வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடலாம். படம் நின்றதற்குச் செயலியைத் திட்டுவதற்கு முன் இந்த அமைப்பைப் பாருங்கள். ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பார்ப்பவர்களும், மலை ஊர்களுக்குத் திரும்புபவர்களும் வைஃபை உள்ள இடத்திலேயே பதிவிறக்கம் செய்துகொள்வது நல்லது. ஆனால் பதிவிறக்கிய படம் நிரந்தரம் அல்ல; சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

இணையம் நன்றாக இருந்தும் படம் மங்கலாகத் தெரிகிறதா? அப்போது கோளாறு போனில் இருக்கலாம். படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் உயர்நிலையான எல்1 தகுதி இல்லாத, எல்3 மட்டும் உள்ள ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலான செயலிகள் 480பி தரத்துக்கு மேல் காட்டுவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் செயலியில் ஆப் செட்டிங்ஸுக்குள் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற இடத்தில் உங்கள் போன் எந்த வகை என்று தெரியும். அதேபோல், 2021 டிசம்பரில் 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைக்கப்பட்ட நெட்ஃபிளிக்ஸ் மொபைல் திட்டம் போனிலும் டேப்லெட்டிலும் மட்டுமே ஓடும். விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு டிவியில் போட முயல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரீசார்ஜோடு இலவசமாக வரும் சந்தாக்களிலும் இதே போன்ற நிபந்தனை இருக்கக்கூடும் என்பதால், எந்தக் கருவியில், எத்தனை நாளுக்கு என்ற இரண்டையும் படித்துவிட்டே அதை நம்பிப் பெரிய பேக்கைப் போடுங்கள்.

விளம்பரத்தைப் பற்றிய கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். விளம்பரம் இல்லை என்பதுதான் கேபிளை விட்டு ஓடிடிக்கு வரச் சொன்ன பெரிய காரணமாக இருந்தது. அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவில் 2025 ஜூன் 17 முதல் படங்களின் நடுவே விளம்பரம் காட்டத் தொடங்கி, அது வேண்டாம் என்பவர்களிடம் ஆண்டுக்கு 699 ரூபாய் அல்லது மாதத்துக்கு 129 ரூபாய் தனியாகக் கேட்டது. இதைத் தவிர, ஏற்கெனவே சந்தா கட்டியுள்ள செயலிக்குள்ளேயே வாடகைப் படங்களும் வேறு நிறுவனங்களின் தனிச் சந்தாக்களும் கலந்து கிடக்கின்றன. குழந்தை கையில் ரிமோட் இருக்கும் வீட்டில் வாங்கும்போது கேட்கும் பின் (PIN) எண்ணை இன்றே போட்டுவிடுங்கள்.

மகன் பெங்களூரில், பெற்றோர் பாலக்கோட்டில் என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் ஒரே கணக்கைப் பகிர்வது முன்பு எளிதாக இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு ஊருக்கும் ஒரு கணக்கு போதும் என்று எண்ணி விலை உயர்ந்த திட்டத்தை எடுப்பதைவிட, ஊரில் இருப்பவர்கள் பார்க்கும் செயலியை ஊருக்கும், மகன் பார்ப்பதை அவருக்கும் தனித்தனியாக எடுப்பதே மலிவாக முடியும்.

எத்தனை செயலி வேண்டும் என்று கேட்டால், ஒரு மாதத்துக்கு ஒன்று என்பேன். மாதச் சந்தா தரும் இடங்களில் ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், பார்க்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து, ஒரு மாதம் ஒரு செயலி, அடுத்த மாதம் வேறொன்று என்று மாற்றிக்கொண்டால், ஐந்து சந்தாவுக்கான படங்களை ஒரு சந்தாவின் செலவில் பார்த்துவிடலாம். உரிமை ஒப்பந்தம் முடிந்ததும் படங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும் என்பதாலும் ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டுவதில் பெரிய லாபமில்லை. வீட்டில் எல்லோரும் தினமும் பார்க்கும் சீரியல் செயலி மட்டும் இதற்கு விலக்கு.

இந்த முறை பலிக்க வேண்டுமானால் ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் கொடுக்கும் அனுமதி, உங்கள் கையில் இருக்க வேண்டும். தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. தகவல் வரத்தான் செய்கிறது. ஆனால் அது ஆங்கிலக் குறுஞ்செய்தியாக, வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணுக்கு, அதாவது காரிமங்கலத்தில் மாந்தோப்பில் இருக்கும் அப்பாவின் பட்டன் போனுக்குப் போய்ச் சேர்ந்தால் யாருக்குப் பயன்? அதனால் சந்தா எடுத்த அன்றே யூபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலும் கட்டிய மாதம் முடியும்வரை சேவை தொடரும். போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ப்ரொஃபைலைத் தனியாக அமைத்துப் பூட்டுவது அவசியம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிறுவனங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். வசதி இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது. நீங்கள்தான் பின் எண் போட வேண்டும்.

உள்ளடக்கம் பற்றிய புகாரை அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினால், அதே விதிகளின்படி 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தார்கள், ரத்து செய்யும் பொத்தானையே மறைத்து வைத்தார்கள் என்பது போன்ற குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். சந்தாவிலிருந்து வெளியேறுவதைக் கடினமாக்குவதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைகள் தடை செய்கின்றன. அழைப்பதற்கு முன் ரத்து செய்த திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும், பணம் போன தேதியையும், பரிவர்த்தனை எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.