பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாண்டு ஓடிய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்க நினைப்பவர் அதன் நியாயமான விலையை அறிய அதிகம் அலைய வேண்டியதில்லை. அதே ஆண்டில் வந்த, அதே அளவு ஓடிய கார்கள் அதே ஊரிலேயே பத்துப் பதினைந்து விற்பனைக்கு நிற்கும். போர்ஷே கேமன், ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, ஜாகுவார் எஃப்-டைப் போன்ற கார்களைப் பொறுத்தவரை இந்த வசதி இந்தியாவில் கிடையாது. நாடு முழுவதும் தேடினாலும் ஒரே நேரத்தில் ஒப்பிடத்தக்க கார்கள் சிலவே அகப்படும். அவையும் வெவ்வேறு மாநிலப் பதிவில், வெவ்வேறு நிலையில் இருக்கும். ஆகவே இத்தகைய காருக்குச் சந்தை விலை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. இன்று கொடுக்கும் தொகைக்கும், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து இன்னொருவரிடமிருந்து பெறப்போகும் தொகைக்கும் உள்ள இடைவெளியோடு, அந்த இடைக்காலத்தில் காருக்குச் செய்யும் செலவையும் சேர்த்தால் கிடைப்பதுதான் அந்தக் காரின் உண்மையான விலை. வாங்குபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கின் முதல் எண்ணை மட்டும் பார்ப்பதால் நேர்பவை.

புதிய காரின் ஆன்-ரோடு விலையை அளவுகோலாகக் கொள்வது இவற்றுள் முதன்மையானது. "புதிதில் ஒன்றரைக் கோடி, இப்போது அறுபது லட்சத்துக்குத் தருகிறோம்" என்று புரோக்கர் சொல்லும்போது தொண்ணூறு லட்சம் லாபம் என்ற எண்ணம் உடனே தோன்றிவிடுகிறது. அந்த ஒன்றரைக் கோடிக்குள் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுமையாக இறக்குமதி செய்யப்படும் காருக்கு 2025 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பின் சுங்க வரியும் அதனுடன் சேர்ந்த மேல்வரியும் கூடி 110 சதவீதமாக உள்ளன. துறைமுகத்தில் 40 லட்சம் ரூபாய் மதிப்பில் வந்திறங்கும் கார் சுங்கம் கட்டியதும் 84 லட்சமாகிறது; அதன்மேல் 40 சதவீத ஜிஎஸ்டி, பிறகு தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குரிய 20 சதவீத ஆயுட்கால வரி என்று சேரும்போது, டீலரின் லாபத்தையும் காப்பீட்டையும் கணக்கில் எடுக்காமலேயே தொகை 1 கோடியே 40 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதாவது முதல் உரிமையாளர் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே இயந்திரத்துக்குப் போனது. மீதமுள்ள வரியை அவர் ஏற்கெனவே அரசுக்குச் செலுத்தி முடித்துவிட்டார். அதில் எவ்வளவை அடுத்தவர் அவருக்குத் திருப்பித் தருவார் என்பதே மறுவிற்பனையில் நடக்கும் பேரம்.

வரியே இவ்வளவு பெரிய பங்கை வகிப்பதால், அரசின் கொள்கை மாறும்போது பழைய காரின் விலையும் சேர்ந்து ஆடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான 28 சதவீத ஜிஎஸ்டியும் இழப்பீட்டு மேல்வரியும் நீங்கி ஒரே 40 சதவீதமானபோது புதிய கார்களின் விலை குறைந்தது. புதியது மலிவானால் பழையதும் இறங்கியே ஆக வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டு, பிரிட்டனில் தயாரான கார்களுக்கான சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க இடமுண்டு. ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன், லோட்டஸ் ஆகியவற்றைப் பழைய வரிவிகிதத்தை மனத்தில் வைத்து இன்று விலை பேசுபவர், விற்கும் நாளில் வேறொரு அளவுகோலைச் சந்திக்க நேரலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அதே கார் விற்கும் விலையை ரூபாய்க்கு மாற்றி, இங்கே கேட்கும் விலை அநியாயம் என்று முடிவு செய்வது. அங்கிருந்து அந்தக் காரை இங்கே கொண்டுவர வழியில்லாதபோது அந்த விலையால் பேரத்துக்குப் பயனில்லை. எந்த மாடலை ஆர்வலர்கள் விரும்புகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதை அறிய மட்டும் வெளிநாட்டுச் சந்தையைப் பார்க்கலாம்.

விளம்பரத்தில் உள்ள தொகை விற்பவரின் ஆசை மட்டுமே. மாதக்கணக்கில் அதே படத்துடன் அதே விலையில் நிற்கும் விளம்பரம், அந்த விலைக்கு எவரும் முன்வரவில்லை என்பதற்கான சான்று. அதையே ஆதாரமாகக் காட்டி இன்னொருவர் தன் காருக்கு விலை கேட்பதும், அதை வாங்குபவர் ஏற்பதும் வாடிக்கையாக நடக்கின்றன. ஒப்பிடத்தக்க கார்களின் விளம்பரங்களைச் சில மாதங்கள் குறித்துவைத்து, எது எப்போது விலை குறைக்கப்பட்டது, எது காணாமல் போனது என்று கவனித்தால் கைமாறும் விலை ஓரளவு பிடிபடும்.

ஆண்டைப் பார்த்து மாடலைப் பாராதிருத்தல்

ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பு ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சீராகத் தேய்வதில்லை. காப்பீட்டில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பான ஐடிவி முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், நான்கு முதல் ஐந்து ஆண்டுக்குள் 50 சதவீதம் என்று எல்லாக் கார்களுக்கும் பொதுவான அட்டவணைப்படி குறைகிறது. அதை விலைப்பேச்சுக்கு அடிப்படையாக்குவது பொருந்தாது. ஒரே பெயரில் வரும் கார்களுக்குள் எந்த என்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்தத் திருத்தத்துக்கு முன் அல்லது பின் என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

இதற்குப் போர்ஷேயைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2005 மாடலாக வெளிவந்த 987 வகை பாக்ஸ்டரிலும் அதன் இணையான கேமனிலும் 2008 வரை வந்த என்ஜின்கள், முந்தைய தலைமுறையிலிருந்து தொடர்ந்த ஐஎம்எஸ் பேரிங் அமைப்பைக் கொண்டவை. இடைத்தண்டைத் தாங்கும் அந்த பேரிங் உடைந்தால் பெரும்பாலும் என்ஜின் முழுவதும் வீணாகும். முந்தைய கார்களில் அது ஏற்படுத்திய சேதங்கள் தொடர்பாக அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013-ல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. பிந்தைய 987 கார்களில் பேரிங் பெரிதாக்கப்பட்டதால் ஆபத்து குறைந்தது என்றாலும் அச்சம் முற்றிலும் விலகவில்லை. 2009 மாடலுக்கு வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே கிடையாது; கூடவே டிப்ட்ரானிக் என்ற தானியங்கிக் கியர்பாக்ஸின் இடத்தில் இரட்டைக் கிளட்ச் கொண்ட பிடிகே வந்தது. 2008-க்கும் 2009-க்கும் இடையே ஓராண்டு வயது வித்தியாசம்தான் என்று எண்ணி, முந்தையதைச் சிறு தள்ளுபடியில் வாங்குபவர், விற்கப்போகும்போது அந்த ஓராண்டின் முழு எடையையும் உணர்வார். 2016-ல் 718 என்ற பெயருடன் நான்கு சிலிண்டர் டர்போ என்ஜின் வந்தபோது நிகழ்ந்ததும் இத்தகையதே: வேகத்தில் புதியது முந்தினாலும், ஆறு சிலிண்டர் ஒலியை விரும்புவோர் முந்தைய தலைமுறையான 981-ஐ விட்டுக்கொடுக்கவில்லை.

மேனுவல் கியர்பாக்ஸ் பற்றியும் இதே கவனம் தேவை. முதல் தலைமுறை ஆடி ஆர்8-இலும் ஃபெராரி எஃப்430-இலும் கிளட்ச் மிதிக்கும் கார்களே இன்று உலகச் சந்தையில் அதிக விலை பெறுகின்றன. அன்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய தானியங்கிக் கிளட்ச் வகை பின்தங்கிவிட்டது. சென்னை நெரிசலில் அன்றாடம் ஓட்ட மேனுவல் ஏற்றதா என்பது வேறு கேள்வி. அது வாங்குபவரின் முழங்காலைப் பொறுத்தது!

பதிவான ஆண்டும் தயாரான ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. குறைவாக விற்கும் இறக்குமதிக் கார் டீலரிடம் ஓராண்டு நின்றபின் பதிவாவது புதிதல்ல. ஆர்சியில் தயாரிப்பு மாதம் இருக்கும். சில ஐரோப்பியக் கார்களின் சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் காட்டும். அடுத்து வாங்குபவர் நிச்சயமாக அதைப் பார்த்து விலையைக் குறைப்பார்.

குறைந்த கிலோமீட்டர் என்ற மயக்கம்

எட்டு ஆண்டில் 9,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார் என்றால் அதிக விலை கேட்கப்படுகிறது. கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் நின்ற காரின் ரப்பர் சீல்கள் உலர்கின்றன, பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுகிறது, பேட்டரி சாகிறது, டயர் கடினமாகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரான டயர். மேற்பரப்பு தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் அந்த வயதில் அதை நம்பி வேகம் போக முடியாது. எத்தனால் கலப்பு 20 சதவீதமாக உயர்ந்துள்ள இன்றைய பெட்ரோல், அதற்கேற்ப வடிவமைக்கப்படாத பழைய காரின் தொட்டியில் மாதக்கணக்கில் கிடப்பதும் நல்லதல்ல. ஆண்டுதோறும் ஓடி, ஆண்டுதோறும் சர்வீஸ் கண்ட 40,000 கிலோமீட்டர் கார், இதைவிட மலிவாகவும் நம்பகமாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். விற்கும்போது குறைந்த ஓட்டத்துக்கு மதிப்புண்டு என்பது உண்மையே. ஆனால் அந்த மதிப்பைக் காக்க வேண்டுமானால் நீங்களும் ஓட்டக் கூடாது. ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி கரைகிறது.

ஓடோமீட்டரைத் திருத்துவது இயல்கிற காலத்தில் அந்த எண்ணை மட்டும் நம்புவதற்கில்லை. அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தின் கணினிப் பதிவில் ஒவ்வொரு வருகையின்போதும் இருந்த கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். போர்ஷே கார்களில் என்ஜின் அனுமதித்த வேகத்தைத் தாண்டிச் சுழன்ற தருணங்களும் கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவாகின்றன. மேனுவல் காராயின் அந்த அறிக்கையைக் கேட்காமல் விலை பேசுவது வீண்.

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கொண்டுபோவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். இரண்டு மடங்கு காட்டும் பகுதி மறுபடி பூசப்பட்டது. எஃப்-டைப், ஆர்8 போன்றவற்றின் உடல் அலுமினியத்தால் ஆனது என்பதால், இரும்பை மட்டும் உணரும் மலிவான கருவி அங்கே எதையும் காட்டாது. அலுமினிய உடலைச் சீர்செய்யத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அப்படிப்பட்ட காரில் மோதல் நடந்திருந்தால், சீர்செய்த ரசீது இல்லாதவரை விலையை ஆழமாகவே குறைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனங்கள் ஏலத்தில் விட்டவை, துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு வேறு ஊர்களில் மறுபடி விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கைத் தண்டவாளத்தின் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் படிந்த வண்டல், இடையில் அறுந்த காப்பீட்டுத் தொடர்ச்சி ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். மின்னணுக் கருவிகள் நிறைந்த ஸ்போர்ட்ஸ் காரில் வெள்ளம் புகுந்திருந்தால், எந்த விலையும் மலிவு விலை ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

கூடுதல் பொருத்தங்களுக்குக் கொடுத்த பணம் திரும்ப வராது. செராமிக் பிரேக் புதிதில் பெருமை; தேய்ந்த நிலையில் அதுவே மாற்றும் செலவாக அடுத்தவரின் தலையில் விழும். வெளியில் பொருத்திய எக்ஸாஸ்டும் ட்யூனிங்கும் விலையைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கவே செய்யும். தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவுபடுத்தியுள்ளது. கழற்றிய அசல் பாகங்கள் காருடன் வருகின்றனவா என்று கேளுங்கள்.

வேற்று மாநிலப் பதிவு

டெல்லிப் பதிவுக் கார் சென்னைப் பதிவுக் காரைவிடப் பல லட்சம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்கு அம்மாநிலப் பதிவு பெற வேண்டும். அதற்கு முந்தைய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி), இங்கே காரின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரியும் தேவை. அங்கே கட்டிய வரியின் மீதத்தைத் திரும்பப் பெறுவது தாளில் எளிது, நடைமுறையில் நீண்ட அலைச்சல். இந்தத் தொகையை முன்கூட்டியே ஆர்டிஓவில் கேட்டறிந்து விலையில் கழித்தால், டெல்லிக் காரின் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும். பதிவை மாற்றாமல் புதுச்சேரி எண்ணுடனோ டெல்லி எண்ணுடனோ ஓட்டிவிட்டுப் பிறகு விற்கலாம் என்பவரிடம், அடுத்து வாங்குபவர் அதே தொகையைக் கழித்துக் கேட்பார். கடனில் வாங்கிய காராயின், வங்கியின் பெயர் ஆர்சியிலிருந்து நீங்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதிருப்பதே நல்லது.

ஸ்போர்ட்ஸ் காரை முதலீடு என்று சொல்லி விலையேற்றுபவர்களுக்குப் போர்ஷே 911 ஆர் நல்ல பதில். 2016-ல் 991 கார்கள் மட்டுமே என்ற அறிவிப்புடன், மேனுவல் கியர்பாக்ஸோடு, அமெரிக்காவில் 1,84,900 டாலர் அடிப்படை விலையில் வந்த அந்தக் காரை, கைமாற்றியவர்கள் அதன் பல மடங்குக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டே எண்ணிக்கை வரம்பில்லாத 911 ஜிடி3 டூரிங் அதே மேனுவல் வசதியுடன் வெளிவந்தது. உச்ச விலையில் 911 ஆர் வாங்கியவர்கள் பெரும் இறக்கத்தைக் கண்டார்கள். இத்தனைக்கும் அது உண்மையிலேயே அரிய கார். சாதாரண இசட்4-இல் ஒட்டிய 'லிமிடெட் எடிஷன்' பட்டைக்குத் தனி விலை கொடுக்கக் காரணமே இல்லை.

நிறுவனம் நாட்டை விட்டு வெளியேறுவதையும் எல்லாக் கார்களுக்கும் ஒரேவிதமாக எடைபோடக் கூடாது. 2016-ல் 65 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்த ஃபோர்டு மஸ்டாங், 2021-ல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பின்னும் ஆர்வலர்களை இழக்கவில்லை. எட்டு சிலிண்டர் என்ஜினுடன் அந்த விலையில் மாற்று எதுவும் இங்கே வரவில்லை என்பதே காரணம். ரசிகர் கூட்டம் இல்லாத காருக்கு அதே வெளியேற்றம், உதிரிபாகம் கிடைக்காத அச்சமாக மாறி விலையை வீழ்த்தும்.

கடைசியாக, காரின் வயதைப் பதினைந்து ஆண்டு எல்லையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எல்லையில் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை வேண்டும். இறக்குமதி செய்த நான்கு சக்கர வாகனத்துக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2021 அறிவிக்கையில் 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, அதுவும் ஐந்தாண்டுக்கு மட்டும். பதினோராம் ஆண்டில் வாங்கி, ஆசை தீர மூன்று ஆண்டு ஓட்டி, பதினான்காம் ஆண்டில் விற்க முனைபவர், அந்தச் சோதனையையும் கட்டணத்தையும் நிலுவையில் உள்ள பெரிய சர்வீஸையும் அடுத்தவர் ஒன்றாகக் கூட்டிக் கழிக்கும் இடத்தில் போய் நிற்கிறார். ஒன்று, ஓராண்டு முன்னதாக விற்க வேண்டும்; அல்லது பதிவைப் புதுப்பித்து, சர்வீஸையும் முடித்து, ரசீதுகளோடு விற்க வேண்டும். இவற்றுள் எதைச் செய்யப்போகிறோம் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்து, அதற்கான தொகையை இன்றைய பேரத்திலேயே கழித்துக் கேட்கலாம்.